ஹேட்லிவில் ஊரில் எனக்குப் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும்

1952 இல் வெளிவந்த ‘ஹை நூன்’ என்ற அமெரிக்கக் கௌபாய் படத்தை இருபத்தைந்து ஆண்டுகளில் ஏழெட்டு முறை பார்த்திருப்பேன். முதல்முறை பார்த்தபோது எனக்கு மிகவும் பிடித்தவர் கதாநாயகன் வில் கேன். கொஞ்சமும் பிடிக்காதவர் அவருடைய புது மனைவி ஏமி. கடைசியாகச் சென்ற மாதம் பார்த்தபோது அந்த வரிசை முழுவதும் கலைந்து போயிருந்தது. மிகவும் பிடித்தவராக ஹெலன் ராமிரெஸ் வந்து நின்றார். மிகவும் பிடிக்காதவராக, படத்தில் ஒரு துப்பாக்கியைக்கூடத் தொடாத, வில் கேனை மனமாரப் பாராட்டிப் பேசுகிற ஜோனஸ் ஹெண்டர்சன் வந்து நின்றார். இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்று எனக்கே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்ததால் இதை எழுதுகிறேன்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹேட்லிவில் என்ற சிற்றூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்தரை மணிக்குச் சற்றுப் பின்னர், ஊர்க் காவல் அதிகாரியான மார்ஷல் வில் கேனுக்கும் ஏமிக்கும் திருமணம் நடக்கிறது. ஏமி குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் நெறியைப் பின்பற்றுபவர், வன்முறையை முற்றிலும் மறுப்பவர். அவருக்காகக் கேன் பதவியை விட்டுவிட்டு வேறோர் ஊரில் கடை வைத்துப் பிழைக்க முடிவு செய்திருக்கிறார். அந்த நேரத்தில் தந்தி வருகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் கேன் பிடித்துக் கொடுத்த கொலையாளி ஃபிராங்க் மில்லர் மன்னிப்புப் பெற்று விடுதலையாகிவிட்டான், நண்பகல் ரயிலில் வந்திறங்கப் போகிறான். அவனுடைய ஆட்கள் மூவர் நிலையத்தில் காத்திருக்கிறார்கள். ஊரை விட்டுக் கிளம்பிப் போன கேன் பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிறார். பன்னிரண்டு மணிக்குள் துணைக்கு ஆள் சேர்க்க வேண்டும். வீடு வீடாக, மதுக்கடைக்கு, தேவாலயத்திற்கு என்று நடக்கிறார். ஒருவரும் வரவில்லை. எண்பத்தைந்து நிமிடப் படத்தில் பெரும்பகுதி இந்த நடைதான். துப்பாக்கிச் சண்டை கடைசியில் கொஞ்ச நேரம் மட்டுமே வருகிறது.

கௌபாய் படம் என்றாலே குதிரைகளும் புழுதியும் துரத்தலும் என்று எண்ணி உட்கார்ந்த எனக்கு, ஒரு மனிதர் கதவைத் தட்டிக்கொண்டே போகும் இந்தப் படம் முதலில் விசித்திரமாக இருந்தது. பிறகு புரிந்தது, இந்தப் படத்தில் ஏறக்குறைய எல்லாரும் கேனிடம் ‘முடியாது’ என்றுதான் சொல்கிறார்கள் என்பது. சொல்கிற விதம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. என் விருப்பும் வெறுப்பும் அந்த விதத்தைப் பொறுத்தே அமைந்திருக்கின்றன என்பதைக் கண்டுகொள்ள எனக்குத்தான் இத்தனை ஆண்டுகள் ஆயின.

ஃபிராங்க் மில்லரைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அவனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவன் வருவதற்கு முன்பு எனக்கு அவனிடம் பயம் இருந்தது. தீர்ப்புச் சொல்லப்பட்ட நாளில் அவன் உட்கார்ந்திருந்த வெறும் நாற்காலியை இயக்குநர் ஃபிரெட் ஸின்னமான் காட்டும் இடத்தில் எனக்கு இன்றும் முதுகு சில்லிடும். ரயிலிலிருந்து அவன் இறங்கியதும் அந்தப் பயம் வடிந்துவிடுகிறது. அவன் சாதாரண முரடனாகத் தெரிகிறான். நிலையத்தில் காத்திருக்கும் மூவரில், வாய் திறந்து ஒரு சொல்கூடப் பேசாமல் மவுத் ஆர்கன் வாசிக்கும் ஜாக் கோல்பியாக வரும் லீ வான் கிளீஃப் அவனைவிடக் கூடுதலாக அச்சுறுத்துகிறார். அது அவருக்கு முதல் திரைப்படம் என்பதை நம்பவே முடிவதில்லை.

இனி ஊர்க்காரர்கள். நீதிபதி மெட்ரிக்கிடமிருந்து தொடங்குகிறேன். கேன் உள்ளே வரும்போது அவர் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார். சுவரிலிருந்த கொடியை இறக்கி மடிக்கிறார், நீதித் தராசை எடுத்து வைக்கிறார், சட்டப் புத்தகங்களை அடுக்குகிறார். அடுக்கிக்கொண்டே பழைய ஏதென்ஸ் நகரத்து வரலாற்றைச் சொல்கிறார்: குடிமக்கள் ஒரு கொடுங்கோலனை விரட்டினார்கள், சில ஆண்டுகள் கழித்து அவன் கூலிப்படையோடு திரும்பியபோது அவர்களே வாயிலைத் திறந்துவிட்டார்கள் என்று. பல ஊர்களில் நீதிபதியாக இருந்தேன், இன்னும் பல ஊர்களில் நீதிபதியாக இருக்கவே விரும்புகிறேன் என்கிறார். முதல் இரண்டு முறையும் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இப்போது வருவதில்லை. மில்லருக்குத் தண்டனை விதித்தவர் என்பதால் அவர் உயிருக்கும் ஆபத்து உண்டு. தான் ஓடப் போவதை ஓட்டம் என்றே சொல்லிவிட்டுப் போகிறார். தராசைத் துணிமூட்டைக்குள் திணிக்கும் அந்தக் கைகளை நான் விரும்பவில்லை. ஆனால் அவர் எதையும் மறைக்கவில்லை.

சாம் ஃபுல்லர் மறைக்கிறார். கேன் தெருவில் வருவதைச் சன்னல் வழியே பார்த்ததும், வீட்டில் இல்லை என்று சொல்லும்படி மனைவி மில்ட்ரெட்டை வாசலுக்கு அனுப்புகிறார். அந்தப் பெண்மணிக்குப் பொய் சொல்ல வரவில்லை. தேவாலயத்திற்குப் போயிருக்கிறார் என்கிறார். நீங்கள் இல்லாமலா என்று கேன் கேட்கிறார். உடை மாற்றிக்கொண்டு நானும் போகப் போகிறேன் என்று தடுமாறுகிறார். கேனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது, அவராக நடிக்கும் கேரி கூப்பரின் முகத்தில் தெரிகிறது. நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். கதவு மூடியதும் சாம் மனைவியிடம் சீறுகிறார், நான் செத்து நீ விதவையாக வேண்டுமா என்று.

இந்தக் காட்சியைப் பொறுமையாகப் பார்க்க என்னால் முடியாது. அதற்குக் காரணம் என் வீட்டில் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த ஒரு குடும்பத்தை வீட்டின் உரிமையாளர் சாமான்களோடு வெளியேற்றினார். நடந்ததைக் கண்டவர்கள் ஒரு தாளில் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று கேட்டு அந்தக் குடும்பத் தலைவர் வீடு வீடாக வந்தார். நான் மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தேன். அவர் எங்கள் கேட்டைத் திறக்கும் ஓசை கேட்டதும், அப்போது ஒன்பது வயதான என் மகளிடம், ‘அப்பா வெளியே போயிருக்கிறார் என்று சொல்லும்மா’ என்றேன். அவள் சொன்னாள். அவர் ‘சரிம்மா’ என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குரலில் கோபம் இல்லை. மில்ட்ரெட்டின் முகத்தைத் திரையில் பார்க்கும்போதெல்லாம், கதவிலிருந்து திரும்பி வந்து என்னை நிமிர்ந்து பார்த்த என் மகளின் முகம் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஆகவே சாம் ஃபுல்லர்மேல் எனக்குள்ள வெறுப்பு நியாயமான அளவைவிடக் கூடுதலாகவே இருக்கலாம்.

ஹெர்ப் பேக்கர் வேறு வகை. முதலில் தானாகவே வந்து பெயர் கொடுக்கிறார். பெண்களும் குழந்தைகளும் வாழத் தகுந்த ஊராக இதை மாற்றியது நீங்கள்தான், உங்களோடு நிற்பேன் என்கிறார். கடைசி நிமிடங்களில் திரும்பி வந்து, மற்றவர்கள் எங்கே என்று கேட்கிறார். மற்றவர்கள் இல்லை, நீயும் நானும்தான் என்கிறார் கேன். ஹெர்பின் முகம் மாறுவதை அந்த நடிகர் மெல்ல மெல்லக் காட்டுகிறார். இது நீங்கள் சொன்னது போல் இல்லையே, எனக்கு மனைவி மக்கள் இருக்கிறார்களே, நான் சட்டக் காவலன் இல்லையே என்று சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ‘குழந்தைகளிடம் போ, ஹெர்ப்’ என்கிறார் கேன். அதட்டலும் இல்லை, ஏளனமும் இல்லை. இன்னும் சிலர் கிடைத்தால் வருகிறேன் என்று வாசலில் நின்று ஹெர்ப் சொல்லும்போதும் அதே சொற்கள்தான். ஹெர்பை என்னால் வெறுக்க முடியவில்லை. பத்துப் பேர் வந்திருந்தால் பதினோராவது ஆளாக அவர் நன்றாகவே போரிட்டிருப்பார் என்று நம்புகிறேன்.

மார்ட்டின் ஹோவை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அவர் முன்னாள் மார்ஷல், கேனுக்கு வழிகாட்டியாக இருந்தவர். இப்போது விரல் முட்டுகள் வீங்கி, துப்பாக்கி பிடிக்க முடியாமல் நாற்காலியில் முடங்கியிருக்கிறார். நேர்மையாக இருந்தால் வாழ்நாள் முழுதும் ஏழையாக இருந்து, கடைசியில் ஏதோ ஓர் அழுக்குத் தெருவில் தனியாகச் சாக வேண்டியதுதான், எல்லாம் மார்ஷல் நெஞ்சில் குத்திக்கொள்ளும் ஒரு தகர நட்சத்திரத்துக்காக என்று அவர் சொல்வது கசப்பின் உச்சம். நான் வந்தால் என்னைக் காப்பாற்றும் கவலையிலேயே நீ செத்துவிடுவாய் என்று அவர் மறுப்பதில் பொய் ஏதும் இல்லை. ஆனாலும் ஒரு குறை எனக்கு அவரிடம் உண்டு. வர முடியாதவர், போகிறவனிடம் ‘எல்லாம் வீண்’ என்று சொல்லியனுப்பியிருக்க வேண்டாம். கையால் உதவ முடியாதபோது வாயாலாவது தாங்கியிருக்கலாம் அல்லவா?

துணை மார்ஷல் ஹார்வி பெல்லாக வரும் லாயிட் பிரிட்ஜஸ் நன்றாக நடித்திருக்கிறார். அதனாலேயே எரிச்சல் கூடுகிறது. கேனுக்குப் பிறகு மார்ஷல் பதவி தனக்கு வர வேண்டும், அதற்குச் சம்மதித்தால் துணை நிற்கிறேன் என்று ஹார்வி பேரம் பேசுகிறான். நீ இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன், ஆனால் விலை கொடுத்து வாங்க மாட்டேன் என்கிறார் கேன். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இளமையும் வலிமையும் உள்ள ஒருவன் பக்கத்தில் இருந்திருப்பான். சொல்லவில்லை. பிறகு அதே ஹார்வி குதிரைக்குச் சேணம் பூட்டிக் கேனை ஊரை விட்டு அனுப்பிவிட முயல்கிறான், அடிதடியில் முடிகிறது. கேன் போய்விட்டால் தன் கோழைத்தனம் யாருக்கும் தெரியாமல் போகும் என்ற தவிப்பு அது. அந்தத் தவிப்பைப் பார்க்கும்போது மட்டும் அவன்மேல் சிறிது இரக்கம் வருகிறது.

இப்போது தேவாலயத்துக்கு வருகிறேன். இந்தக் காட்சியை எழுதிய கார்ல் ஃபோர்மன் அந்த நாள்களில் தாமே இப்படியொரு தனிமையில் இருந்தவர். கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு 1951 இல் அவரை அழைத்தது. அவர் பிறர் பெயர்களைச் சொல்ல மறுத்தார். நண்பர்கள் விலகினார்கள், கூட்டாளிகள் விலகினார்கள், கடைசியில் அவர் இங்கிலாந்துக்குக் குடிபெயர நேர்ந்தது. அந்த மாதங்களில் தம்மிடம் மற்றவர்கள் சொன்ன சாக்குகளே இந்தத் திரைக்கதைக்குள் வந்தன என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். வழிபாட்டின் நடுவே கேன் உள்ளே வந்து துணை கேட்டதும் சிலர் உடனே எழுகிறார்கள். எழுந்தவர்களைத் தடுத்து, பேசி முடிவெடுப்போம் என்று ஆரம்பிக்கிறார்கள். குழந்தைகளை வெளியே அனுப்புகிறார்கள். வரி கட்டுகிறோமே, இது எங்கள் வேலையா என்கிறார் ஒருவர். ஒழுக்கமான பெண் பட்டப்பகலில் தெருவில் நடக்க முடியாத காலத்தை மறந்துவிட்டீர்களா என்று ஒரு பெண்மணி எழுந்து கேட்கிறார்; பெயர் தெரியாத அவர்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு. பிறகு ஜோனஸ் ஹெண்டர்சன் எழுகிறார்.

தாமஸ் மிட்செல் அந்த வேடத்தில் நடிக்கிறார். கேனின் திருமணத்தில் உடனிருந்த நண்பர் அவர். இந்த ஊருக்குக் கிடைத்ததிலேயே சிறந்த மார்ஷல் இவர்தான் என்று தொடங்குகிறார். அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்கிறார். இது நம் பிரச்சினை, நாம்தான் தீர்க்க வேண்டும் என்கிறார். அந்த இடத்தில் கேனின் முகத்தில் நம்பிக்கை துளிர்ப்பதைப் பார்க்கிறோம். அதன் பிறகு பேச்சு மெல்லத் திரும்புகிறது. வடக்கே உள்ளவர்கள் இந்த ஊரில் பணம் போட எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், கடைகளும் தொழிற்சாலைகளும் வரப் போகின்றன, தெருவில் துப்பாக்கிச் சண்டை நடந்தது என்று செய்தி போனால் எல்லாம் கெட்டுவிடும் என்கிறார். கேன் இன்று இங்கே இல்லாதிருந்தால் சண்டையே வராது, ஆகவே அவர் போய்விடுவதுதான் அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது என்று முடிக்கிறார். எழுந்தவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். கேன் ‘நன்றி’ என்ற ஒரே சொல்லோடு வெளியேறுகிறார்.

ஹெண்டர்சன் நடிக்கவில்லை, அவர் கேனை உண்மையாகவே நேசிக்கிறார் என்பதுதான் என்னை வதைக்கிறது. சாம் ஃபுல்லர் ஒளிந்ததால் கேன் இழந்தது ஒரே ஓர் ஆளை. ஹெண்டர்சன் பேசியதால் வரத் தயாராக இருந்த எல்லாரையும் இழந்தார். அதோடு, வராதவர்கள் ஒவ்வொருவருக்கும் தாம் ஊர் நலனுக்காக வராமல் இருந்தோம் என்று எண்ணிக்கொள்ள ஒரு நல்ல காரணத்தையும் அவர் கையில் கொடுத்துவிட்டார். மில்லரின் ஆட்கள் தோட்டாவால் செய்ய வந்ததில் பாதியை அவர் அன்பான குரலில் செய்து முடித்துவிடுகிறார். முதல்முறை பார்த்தபோது அவரை நல்ல மனிதர் என்றே நினைத்தேன் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். பேச்சு எந்த வாக்கியத்தில் திரும்பியது என்பதே அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

அழைக்காமலே வந்தவர்கள் இருவர். ஒற்றைக் கண்ணில் பட்டி கட்டிய குடிகாரர் ஜிம்மி, தனக்கும் ஒரு துப்பாக்கி கொடுக்கும்படி கேட்கிறார். நடுங்கும் கைகளோடு தன் மானத்தை மீட்க ஒரு வாய்ப்புக் கேட்கும் மனிதர். தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன் என்று சொல்லிக் கேன் அவருக்குக் காசு கொடுத்து அனுப்புகிறார். இன்னொருவன் ஜானி என்ற சிறுவன். மேசையில் தலைகவிழ்ந்து கிடக்கும் கேனிடம் வந்து, எனக்குப் பதினாறு வயது, சுடத் தெரியும் என்கிறான். உனக்குப் பதினான்கு என்று சொல்லி அவனையும் திருப்பி அனுப்புகிறார். ஆளே கிடைக்காமல் அலைகிற மனிதர், கிடைத்த இருவரையும் ஏற்றுக்கொள்ளவில்லை. கேனை நான் இன்றும் நேசிப்பது கடைசிச் சண்டைக்காக அல்ல, இந்த இரண்டு மறுப்புகளுக்காக.

கேன் வீடு வீடாகப் போய்த் துணை கேட்பதை இழிவாகக் கருதியவர்கள் உண்டு. இயக்குநர் ஹாவர்ட் ஹாக்ஸுக்கு அது பிடிக்கவே இல்லை; தன் தொழில் தெரிந்த ஷெரிஃப் இப்படிக் கெஞ்சிக்கொண்டு திரிய மாட்டான் என்று எண்ணி, ஜான் வேய்னை வைத்து 1959 இல் ‘ரியோ பிராவோ’ எடுத்தார். அந்தப் படமும் எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த வாதத்தில் நான் கேனின் பக்கம். பயமாக இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்லாத ஒரு நாயகனை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. படமெடுக்கும்போது கேரி கூப்பருக்கு ஐம்பது வயது, வயிற்றுப்புண்ணும் முதுகுவலியும் வேறு. ஒளிப்பதிவாளர் ஃபிளாய்ட் கிராஸ்பி வானத்தை அழகுபடுத்தாமல் வெளிறவிட்டு, அந்த முகத்தின் சுருக்கங்களையும் அப்படியே விட்டுவைத்தார். கடைசி நிமிடங்களில் தனியாக உட்கார்ந்து உயில் எழுதும்போது அந்த முகத்தில் இருப்பது வீரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. களைப்பு இருக்கிறது. ஆஸ்கர் விருது கொடுத்தவர்கள் அந்தக் களைப்புக்காகத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

அதே கேனிடம் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு, அது ஏமி தொடர்பானது. வண்டியைத் திருப்பும்போது ஏமி காரணம் கேட்கிறார். சொல்ல நேரமில்லை என்கிறார் கேன். கல்யாணமாகி ஒரு மணி நேரம் ஆகாத பெண்ணுக்கு அது போதுமான பதிலா? இளமையில் எனக்கு ஏமி, கணவனைக் கைவிட்டு ரயில் சீட்டு வாங்கிய பிடிவாதக்காரியாகத்தான் தெரிந்தார். அவருடைய தந்தையும் பத்தொன்பது வயது அண்ணனும் துப்பாக்கிக்கு இரையானவர்கள், அண்ணன் சாவதைக் கண்ணால் பார்த்த பிறகே அவர் குவேக்கர் ஆனார் என்பதைச் சொல்லும் வரி எப்படியோ என் காதில் விழாமலே போயிருந்தது. கோழையாக இருக்கத் துணிச்சல் தேவையில்லை. எல்லாரும் சுடுவதற்குத் தயாராகும் ஊரில், சுட மாட்டேன் என்று தன் மணநாளில் கணவனிடமே சொல்லத் துணிச்சல் வேண்டும். அந்த ஏமிதான் கடைசியில் சன்னல் வழியே மில்லரின் ஆட்களில் ஒருவனான பியர்ஸின் முதுகில் சுடுகிறார். ஏமியாக நடிக்கும் கிரேஸ் கெல்லி அந்தக் கணத்தில் தலை குனிந்து உடைந்து நிற்பதைப் பாருங்கள். அரங்குகளில் அங்கே கைதட்டியிருப்பார்கள். எனக்குக் கைதட்ட வரவில்லை. கேனின் உயிர் தப்பியது மகிழ்ச்சியே. அதற்கு ஏமி கொடுத்த விலையை ஊரில் ஒருவரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை என்பது வருத்தம்.

ஹெலன் ராமிரெஸைக் கடைசியாக வைத்துக்கொண்டதற்குக் காரணம், அவரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு வரும் மகிழ்ச்சிதான். மெக்சிகோவிலிருந்து வந்த நடிகை கேட்டி ஹுராடோ அந்த வேடத்துக்காகக் கோல்டன் குளோப் விருது பெற்றார். ஹெலன் முன்பு மில்லரின் காதலி, பிறகு கேனின் காதலி, இப்போது ஹார்வியோடு பழகுகிறவர். இப்படிப்பட்ட பெண்ணை அந்தக் காலத்துப் படங்கள் சாகடிக்கும், அல்லது மனம் திருந்தவைக்கும். இந்தப் படம் இரண்டையும் செய்யவில்லை. மில்லர் வரும் செய்தி கிடைத்ததும் அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. கூட்டு வியாபாரத்தில் இருக்கும் வீவரை அழைத்துக் கடையில் தன் பங்கை விற்கிறார். இரண்டாயிரம் டாலர் கேட்கிறார். வீவரிடம் ஆயிரம்தான் இருக்கிறது என்றதும், மீதியை ஆறு மாதத்தில் கொடுங்கள் என்று முடித்துவிடுகிறார். ஊராரின் முன்னால் பேசத் தயங்குகிறவர்கள்கூட ரகசியமாக மதிக்கும் நாணயம் அது.

கேனோடு அவர் ஸ்பானிய மொழியில் பேசும் இரண்டே வரிகள் எனக்கு மனப்பாடம்: உன்னைப் பார்த்து ஓராண்டு ஆகிவிட்டது என்கிறார் அவர், ஆம், தெரியும் என்கிறார் கேன். அவ்வளவுதான். அவர்களுக்குள் என்ன நடந்தது, ஏன் பிரிந்தார்கள் என்று படம் சொல்வதில்லை; சொல்லாததில் ஒரு முழுக் காதல் அடங்கியிருக்கிறது. ஹார்வியைப் பார்த்து, அகன்ற தோள்கள் மட்டும் ஒருவனை ஆண்மகன் ஆக்கிவிடாது என்று சொல்லும் வாய் அது. ஏமி தன்னைத் தேடி அறைக்கு வரும்போது, இந்த ஊரை எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை, இப்படிப்பட்ட ஊரில் மெக்சிகப் பெண்ணாக இருப்பது என்றால் என்ன என்று தெரியுமா என்னும் பொருளில் பேசுகிறார். கேன் என் கணவனாக இருந்தால் துப்பாக்கி எடுத்துப் போராடியிருப்பேன் என்கிறார். ஏன் நீங்கள் போராடவில்லை என்று ஏமி கேட்கிறார். அவர் என்னுடையவர் அல்லர், உன்னுடையவர் என்கிறார் ஹெலன். பொறாமையால் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொள்வார்கள் என்று நாம் எதிர்பார்க்கும் இரு பெண்கள், ஒரே வண்டியில் அருகருகே அமர்ந்து ரயில் நிலையத்துக்குப் போகிறார்கள்.

ஹெலனும் கேனுக்குத் துணை நிற்கவில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் ஏமி இறங்கி ஓடுகிறார், ஹெலன் ரயிலிலேயே இருந்துவிடுகிறார். அப்படியானால் அவர் எப்படி எனக்கு மிகவும் பிடித்தவராகிறார் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் தனியாள், பிழைக்க வேண்டும், அதனால் போகிறேன் என்று அவர் தன் காரணத்தை உள்ளபடி சொல்கிறார். கேன் செத்தால் இந்த ஊரும் செத்துப்போகும் என்றும் சொல்கிறார். அந்த ஊர் அவரை ஒருநாளும் தன்னைச் சேர்ந்தவராக ஏற்றுக்கொண்டதில்லை. அதற்காக உயிரைக் கொடுக்கும் கடமை ஊர்ப் பெரியவர்களுக்கு இருந்ததே தவிர அவருக்கு இருக்கவில்லை. நண்பருக்கு இந்தப் பதில் திருப்தியளிக்கவில்லை. எனக்கு அளிக்கிறது.

சண்டை ஓய்ந்ததும் ஒளிந்திருந்தவர்கள் எல்லாரும் தெருவுக்கு வந்து சூழ்ந்து நிற்கிறார்கள். ஒருவரும் பேசுவதில்லை. கேன் அவர்களைப் பார்க்கிறார், நெஞ்சிலிருந்த நட்சத்திரத்தைக் கழற்றிப் புழுதியில் போடுகிறார். முன்பெல்லாம் இந்த இடத்தில் என் கண் அந்த நட்சத்திரத்தின் மேலேயே இருக்கும். இப்போது ஜானியைத் தேடுகிறேன். திருப்பி அனுப்பப்பட்ட அந்தச் சிறுவன்தான் யாரும் சொல்லாமலே கேனின் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து அங்கே நிறுத்துகிறான்.